ஓடும் நீரில் ஓடாத கெளுத்தி

கெளுத்தி என்றதும் கோலாலம்பூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சேறுதான். கால்வாயிலும் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளிலும் நெளியும் கெலி, பசாரில் ஐஸ்மேல் கிடக்கும் பாத்தின், குழம்புக்கென்றே பிறந்த பாவோங். கிள்ளான் ஆற்றில் மலிந்துபோன, கவசம் போர்த்த இக்கான் பண்டாராயாகூடத் தென் அமெரிக்காவிலிருந்து மீன்தொட்டி வழியாக வந்து சேர்ந்த ஒரு கெளுத்திதான். மீசை, வழுவழுத்த உடம்பு, கலங்கல் தண்ணீர், மந்தமான போக்கு. இவ்வளவுதான் கெளுத்தி என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

நகரை விட்டு காராக் நெடுஞ்சாலையில் சிறிது தூரம் ஏறினால் காட்சி மாறிவிடும். தித்திவாங்சா மலைத்தொடரின் சரிவில் பாறைக்குப் பாறை தாவி இறங்கும் ஓடைகள். தெளிந்த, குளிர்ந்த நீர். கால் வைத்தால் இழுக்கும் வேகம். அந்த வேகத்தின் நடுவிலேயே, கூழாங்கற்களுக்கு இடையில், விரல் நீளமே உள்ள கெளுத்திகள் குடித்தனம் நடத்துகின்றன. அவை சந்தைக்கு வருவதில்லை. தூண்டிலில் அகப்படுவது அரிது. குழம்புக்கும் தேறாது. ஆகவே பெரும்பாலோர் கேள்விப்பட்டதுகூட இல்லை. பள்ளிப் பாடத்தில் 'தகவமைப்பு' என்று ஒன்று வருமே, அதை விளங்கிக்கொள்ள இவற்றைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் அக்கம்பக்கத்தில் கிடையாது. ஒட்டகத்தையும் துருவக் கரடியையும் எத்தனை காலம்தான் சொல்லிக்கொண்டிருப்பது?

முதலில் ஓர் எண்ணத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். வேகமான நீரில் வாழும் மீன் என்றால் அது பெரிய நீச்சல்வீரனாகத்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். சில மீன்களுக்கு அது பொருந்தும். நம் ஆறுகளில் புகழ்பெற்ற கெலா, அதன் உறவான தெங்காஸ் இரண்டும் திரண்ட தசையும் வலிய வாலும் கொண்டவை. எதிர்நீச்சல் போட்டே பிழைக்கின்றன. மலையோடைக் கெளுத்திகளின் வழி வேறு. அவை நீரோடு மல்லுக்கு நிற்பதில்லை. நீரின் வேகம் எட்டாத இடத்தில் ஒதுங்கிக்கொள்கின்றன. அப்படி ஒதுங்குவதற்குத் தோதாக உடம்பு முழுவதும் மாறியிருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும்.

வேகத்துக்குள் ஒரு மெதுவான இடம்

உலு லங்காட் பக்கம் குளிக்கப் போனவர்களுக்குத் தெரியும். கணுக்கால் அளவு தண்ணீரில் நிற்பது எளிது. முழங்கால் அளவு வந்ததும் கால் தடுமாறும். தொடை அளவு வந்தால் பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்துக்கொள்வோம். உடம்பின் கூடுதல் பரப்பு நீரில் படுவது ஒரு காரணம். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது: ஓடையில் நீர் எங்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேற்பரப்பை ஒட்டி வேகம் அதிகம். கீழே போகப்போகக் குறையும். கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர் ஏறத்தாழ அசைவதே இல்லை. கல்லின் மேற்பரப்பு நீரைப் பிடித்துவைக்கிறது. பிடிபட்ட நீர் தனக்கு மேலே உள்ள நீரை இழுக்கிறது. அது அதற்கு மேலே உள்ளதை. இப்படி வேகம் தடைப்பட்டு நிற்கும் மெல்லிய அடுக்கை இயற்பியலாளர்கள் எல்லைப்படலம் என்கிறார்கள்.

வேகம் கொஞ்சம் குறைந்தால் என்ன பெரிய லாபம் என்று கேட்கலாம். நீரின் தள்ளுவிசை வேகத்தோடு சமமாக ஏறுவதில்லை. அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. வேகம் 2 மடங்கானால் விசை 4 மடங்கு, 3 மடங்கானால் 9 மடங்கு. இதையே திருப்பிப் போட்டால், வேகம் பாதியாகும் இடத்தைக் கண்டுபிடித்துப் படுத்துக்கொள்ளும் மீன் கால்பங்கு விசையைத் தாங்கினால் போதும். சில மில்லிமீட்டர் கீழே இறங்குவதில் இத்தனை ஆதாயம் இருக்கும்போது எந்த உயிர்தான் சும்மா இருக்கும்?

ஆனால் ஓர் எச்சரிக்கை. வேகமான ஓடையில் இந்த எல்லைப்படலம் மிகவும் மெல்லியது. கல்லோடு கல்லாக ஒட்டிக்கிடக்கும் பூச்சிக் குடம்பிகளுக்கு அது போதும். ஒரு மீன் முழுக்க அதற்குள் ஒளிந்துவிட முடியாது. முதுகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மீதிப் பாதுகாப்பை இரண்டு வழிகளில் அது தேடிக்கொள்கிறது. ஒன்று, பிடித்துக்கொள்வது. மற்றொன்று, கல்லுக்கு அடியிலும் கற்களுக்கு இடையிலும் உள்ள இடுக்குகளில் புகுந்துகொள்வது. பெரிய பாறையின் பின்புறம் நீர் சுழன்று ஓய்வெடுக்கும் இடமும் இதில் சேரும். மேலிருந்து பார்க்கும் நமக்கு ஓடை முழுவதும் ஆவேசமாகத் தெரிகிறது. அடியில் இருக்கும் மீனுக்கு அது ஆயிரம் சின்னஞ்சிறு அமைதியான அறைகள் கொண்ட வீடு.

கையில் எடுத்துப் பார்த்தால்

சிலாங்கூர் மலையோடை ஒன்றில், முழங்கால் ஆழத்தில், தேங்காய் அளவுக் கல்லைப் புரட்டிக் கீழ்ப்புறம் சிறு கைவலையை வைத்துப் பிடித்தபோது அகப்பட்ட ஒரு மீனை இங்கே விவரிக்கிறேன். கிளிப்டோதோராக்ஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. சுண்டுவிரல் நீளம் இருக்கும். பழுப்பு உடம்பில் மங்கிய மஞ்சள் திட்டுகள். ஈரமான சருகுக்கும் சரளைக்கும் நடுவே போட்டால் கண்டுபிடிக்கவே முடியாது. செதில் கிடையாது. தலை தட்டையாக அமுங்கியிருந்தது. கண்கள் கடுகளவு, மேலே பார்த்தபடி. வாயோ கீழ்ப்பக்கத்தில். மீசை நான்கு ஜோடி. அவற்றில் மேல்தாடையிலிருந்து கிளம்பும் ஜோடி மட்டும் அடிப்பக்கம் அகன்று தடித்திருந்தது.

வலையில் மல்லாந்து கிடந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு மார்புத் துடுப்புகளுக்கும் நடுவே, நெஞ்சில், தோல் வரிவரியாக மடிந்திருந்தது. ரப்பர் செருப்பின் அடிப்பக்கத்தில் வழுக்காமலிருக்க வெட்டியிருக்கும் கோடுகள்தான் நினைவுக்கு வந்தன. உள்ளங்கையை நீருக்குள் விரித்து அதன்மேல் மீனைவிட்டேன். கையைச் சாய்த்தும் அது உடனே வழுக்கிப் போகவில்லை. நெஞ்சை அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. தோலில் ஒரு மெல்லிய உராய்வு உணர முடிந்தது, அவ்வளவுதான். பிறகு ஒரே வெட்டில் கல்லுக்கு அடியில் மறைந்துவிட்டது.

இந்த நெஞ்சு மடிப்புகளை ஒட்டுறுப்பு என்கிறார்கள். பலர் இதை உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணம் என்று எழுதிவிடுகிறார்கள். முழுக்கச் சரியல்ல. உறிஞ்சிப் பிடிக்க ஓரம் முழுவதும் அடைபட்டிருக்க வேண்டும். கரடுமுரடான கல்லில் அப்படி அடைப்பது கடினம். இங்கே பெரும் வேலையைச் செய்வது உராய்வு. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த மடிப்புகளின்மேல் ஒரே உயிரணுவிலிருந்து முளைத்த நுண்ணிய கொம்புகள் தெரியும். நம் நகத்திலுள்ள கெரட்டின்தான் அவற்றின் பொருளும். 1982இல் டைசன் ராபர்ட்ஸ் என்ற மீனியலாளர் இவற்றுக்கு 'உன்குலி' என்று பெயர் வைத்தார். கல்லின்மேல் உள்ள சிறு சொரசொரப்புகளில் இந்தக் கொம்புகள் மாட்டிக்கொள்கின்றன. மடிப்புகளின் அமைப்பு இனத்துக்கு இனம் வேறுபடும். அதனால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் முதலில் மீனை மல்லாத்திப் பார்க்கிறார்கள்.

ஒட்டுறுப்பு வாயில் இல்லாமல் நெஞ்சில் இருப்பதில் ஒரு சௌகரியமும் உண்டு. இக்கான் பண்டாராயா வாயாலேயே பாறையைப் பற்றும். அதே வாயால்தான் மூச்சுக்கான நீரையும் இழுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய அதன் உதடுகளிலும் தாடையிலும் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. நம் மலையோடைக் கெளுத்திக்கு அந்தத் தொல்லை இல்லை. நெஞ்சு கல்லைப் பார்த்துக்கொள்ளும், வாய் தன் வேலையைப் பார்க்கும்.

அடுத்து துடுப்புகள். மார்புத் துடுப்புகள் இரண்டும் பக்கவாட்டில் கிடைமட்டமாக விரிந்திருக்கின்றன. தட்டையான உடம்பின்மேல் நீர் விரைந்து பாயும்போது அந்த உடம்பு மேலே தூக்கப்படும்; விமான இறக்கை மேலெழும்புவதும் இதே விதியால்தான். மீனுக்கு அது ஆபத்து. முன்விளிம்பு தாழும்படி துடுப்புகளைச் சாய்த்துவைத்தால் பாயும் நீரே மீனைக் கீழே அழுத்தும். தன்னை இழுத்துப் போக வரும் விசையைத் தன்னை நிறுத்திவைக்கும் விசையாக்கிக்கொள்கிறது. எனக்கு இந்த உடம்பில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். துடுப்பின் முன்முள் உறுதியானது, கூரானது. வெறும் கையால் பிடிப்பவர்கள் கவனம், குத்தினால் கடுக்கும்.

உடம்புக்குள்ளும் மாற்றம் உண்டு. சாதாரண மீனுக்கு வயிற்றுக்குள் காற்றுப்பை இருக்கும். மூழ்காமலும் மிதந்துவிடாமலும் நடுநீரில் நிற்க அது உதவுகிறது. அடியில் படுத்தே காலம் தள்ளும் மீனுக்கு மிதப்பு ஒரு தொந்தரவு. ஆகவே மலையோடைக் கெளுத்திகளில் காற்றுப்பை மிகச் சிறியதாகச் சுருங்கி, எலும்புக் கூட்டுக்குள் அடங்கிவிட்டது. ஏன் அடியோடு மறைந்துபோகவில்லை? கெளுத்திகளுக்குக் காற்றுப்பை காதின் ஒரு பகுதியும்கூட. அதில் எழும் அதிர்வைச் சிறு எலும்புகளின் தொடர் ஒன்று உட்செவிக்குக் கொண்டுசேர்க்கிறது. மிதப்பு வேண்டாம், காது வேண்டும் என்பதால் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறது என்று கொள்ளலாம். பெரிய காற்றுப்பை உள்ள கெளுத்திகளோடு ஒப்பிட்டால் சிறிய பை உள்ளவற்றுக்குக் கேட்கும் திறன் குறைவு, உயர்ந்த ஒலிகள் அவ்வளவாக எட்டுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாள் முழுவதும் அருவி இரைச்சலில் இருப்பவருக்கு அது பெரிய இழப்பாக இருக்காது என்று நினைக்கிறேன்.

ஒரு பெயர், மூன்று குடும்பங்கள்

இதுவரை பொதுவாக 'மலையோடைக் கெளுத்தி' என்று சொல்லிவந்தேன். அறிவியல் கணக்கில் ஆசியாவில் இவை முக்கியமாக மூன்று குடும்பங்கள்.

முதலாவது சிசோரிடே. கிளிப்டோதோராக்ஸ் இதில்தான் வருகிறது. 100க்கும் மேற்பட்ட இனங்கள், துருக்கியிலிருந்து சீனா வரை, தெற்கே ஜாவா, போர்னியோ வரை பரவியிருக்கின்றன. 1860இல் எட்வர்ட் பிளித் இந்தப் பேரினத்தை வரையறுத்தார். நம் பகுதியில் உள்ளவற்றின் கணக்கு நெடுங்காலம் குழப்பமாகவே கிடந்தது. ஒரே பெயரில் பல இனங்களை அடைத்துவைத்திருந்தார்கள். இங் ஹியோக் ஹீ, மோரிஸ் கொட்டலாட் இருவரும் மலேசியத் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ மீன்களை மறுபடி ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட பிறகுதான் கொஞ்சம் தெளிவு பிறந்தது. பல புதிய இனங்களும் அதில் பெயர் பெற்றன. பழைய புத்தகங்களில் இருக்கும் பெயர்களை இன்று அப்படியே நம்ப முடியாது. வேடிக்கை என்னவென்றால், இதே சிசோரிடே குடும்பத்தில்தான் 2 மீட்டர் வரை வளரும் பாகாரியஸும் இருக்கிறது. விரல் நீள மீனுக்கு அத்தனை பெரிய ஒன்றுவிட்ட அண்ணன்!

இரண்டாவது அக்கிசிடே. தென்கிழக்கு ஆசியாவுக்கே உரியது. அக்கிசிஸ் பேரினத்து மீன்கள் பெரும்பாலும் சில சென்டிமீட்டர்தான். தோல் முழுவதும் சின்னச் சின்ன பருக்கள், உடம்பின் நீளவாக்கில் வரிசை வரிசையாக. நெஞ்சில் ஒட்டுறுப்பு கிடையாது. இவை பிடித்துக்கொள்வதைவிட மறைந்துகொள்வதையே நம்புகின்றன; சரளை மணலிலும் ஊறிய சருகுக் குவியலிலும் புதைந்தால் பருக்கள் நிறைந்த அந்தப் பழுப்புத் தோல் சுற்றுப்புறத்தோடு கலந்துவிடும். இதே குடும்பத்தின் அக்ரோகோர்டோனிக்திஸ் தன் கடினமான மேல்தோலை அவ்வப்போது உரித்துப்போடும் பழக்கம் உடையது. மலேசியத் தீபகற்பத்து இனமான அக்கிசிஸ் ஹெண்ட்ரிக்சனிக்கு 1966இல் பெயர் சூட்டியவர் எரிக் ஆல்ஃபிரட். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விலங்கியலாளர் ஜான் ஹெண்ட்ரிக்சனின் நினைவாக அந்தப் பெயர்.

மூன்றாவது அம்பிளிசிபிடிடே. பாகிஸ்தானிலிருந்து ஜப்பான் வரை. மார்புத் துடுப்புக்கு மேலே கிண்ண வடிவத் தோல் மடிப்பு, முதுகுத் துடுப்பைத் தடித்த தோல் மூடியிருப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். ஆரம்பநிலை வாசகருக்கு இதற்குமேல் தேவையில்லை.

இனி நம் தமிழ் வாசகர்களுக்குச் சுவையான ஒரு செய்தி. நீலகிரி அடிவாரத்தில் பவானி ஆற்றிலும் ஒரு கிளிப்டோதோராக்ஸ் இருக்கிறது. ஃபிரான்சிஸ் டே 1873இல் விவரித்த அந்த மீனுக்கு இன்றைய பெயர் கிளிப்டோதோராக்ஸ் மெட்ராஸ்பட்டனஸ். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடை மீன்கள் பல, கங்கைச் சமவெளியின் மீன்களைவிட மலாயா மீன்களுக்கு நெருக்கமாக இருப்பது ஏன் என்பது இந்திய விலங்கியலாளர்களை நெடுநாள் குடைந்த கேள்வி. இந்தியாவின் புகழ்பெற்ற மீனியலாளர் சுந்தர் லால் ஹோரா, மலையோடை மீன்களின் உடலமைப்பை 1920களிலிருந்தே ஆராய்ந்தவர், இதற்கு ஒரு விடை சொன்னார். முற்காலத்தில் அஸ்ஸாம் பக்கமிருந்து மத்திய இந்தியாவின் சாத்பூரா மலைகள் வழியாக, ஓடைக்கு ஓடை நகர்ந்து, இவை தெற்கே வந்திருக்க வேண்டும் என்றார். சாத்பூராக் கருதுகோள் என்று அதற்குப் பெயர். இன்று அதை எல்லோரும் ஏற்பதில்லை. மரபணு ஆய்வுகள் வேறு கதைகளையும் சொல்கின்றன. ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. சமவெளியில் வாழ முடியாத மீன் எப்படி மலைக்கு மலை தாவியது?

உறவு இல்லாமலே ஒற்றுமை

வேகநீர் என்ற ஒரே சிக்கலுக்கு உலகின் வெவ்வேறு மூலைகளில், ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத மீன்கள் ஒரே மாதிரி விடை கண்டுபிடித்திருக்கின்றன. நம் ஓடைகளிலேயே பார்க்கலாம். அயிரையின் உறவினரான ஹோமலோப்டெரா வகை மீன்களும் அடி தட்டையாக, துடுப்புகள் பக்கவாட்டில் விரிந்து, கல்லோடு ஒட்டித்தான் கிடக்கின்றன. அவை கெளுத்தியே அல்ல. போர்னியோவின் காஸ்ட்ரோமைசோன் இன்னும் ஒரு படி மேலே போய், துடுப்புகளையும் வயிற்றையும் சேர்த்து ஒரே ஒட்டுத்தட்டாக மாற்றிக்கொண்டிருக்கிறது. உண்மையாகவே உறிஞ்சிப் பிடிப்பது அதுதான். தென் அமெரிக்காவில் வாயால் பற்றும் கெளுத்திகள். இதை குவிபரிணாமம் என்பார்கள். முன்னோர் ஒன்றாக இருந்ததால் வந்த ஒற்றுமை அல்ல. பிழைப்பு ஒன்றாக இருந்ததால் வந்த ஒற்றுமை.

ஒரே சிக்கல் என்றாலும் விடை அச்சு அசலாக ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். ஒன்று நெஞ்சால், ஒன்று துடுப்பால், ஒன்று வாயால். கையில் எந்தப் பொருள் இருந்ததோ அதைத் திருத்திப் பயன்படுத்தியிருக்கின்றன. பரிணாமம் புதிதாக வரைபடம் போட்டுக் கட்டும் வேலை அல்ல, இருக்கும் வீட்டை இடித்துச் சேர்க்கும் வேலை.

இத்தனை பாடு எதற்கு?

இவ்வளவு கஷ்டப்பட்டு வேகமான நீரில் இருப்பானேன்? கீழே சமவெளியில் அமைதியாகப் பிழைக்கலாமே?

மூச்சுதான் முதல் காரணம். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரிலோ, 20 பாகை செல்சியஸ் குளிரில் அதிகபட்சம் 9 மில்லிகிராம். 30 பாகையில் ஏறத்தாழ 7.5தான். இதுவும் நீர் காற்றோடு நன்றாகக் கலந்திருந்தால் கிடைக்கும் அளவு. சேற்றுக் குட்டையில் அழுகும் குப்பையும் நுண்ணுயிர்களும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். கெலி அங்கே தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், அதன் செவுள்களுக்கு மேலே கிளைகிளையாக உள்ள ஒரு தனி உறுப்பு. மேலே வந்து காற்றையே குடித்துவிட்டுப் போகும். நம் கிளிப்டோதோராக்ஸுக்கு அந்த வசதி கிடையாது. நிழல் விழும் குளிர்ந்த நீர், பாறையில் மோதி நுரைத்துக் காற்றைக் கலக்கும் நீர், அதுதான் அதற்கு வாழ்விடம். பிடித்த மீனை வாளியில் போட்டுவைத்தால் கெலி மறுநாளும் துள்ளும். இது சீக்கிரமே சோர்ந்துவிடும்.

சாப்பாடும் அங்கே தயாராக இருக்கிறது. கற்களின் அடியில் மேய்ஈக் குடம்பிகள், சிறு கல்லையும் மணலையும் பட்டிழையால் கோத்து வீடு கட்டும் கேடிஸ்ஈக் குடம்பிகள், கருப்பு ஈயின் புழுக்கள் என்று மண்டிக்கிடக்கும். இரவில் கெளுத்தி வெளியே வந்து மீசையால் தடவித் தடவி அவற்றைப் பொறுக்கித் தின்கிறது. கண் கடுகளவு இருந்தாலும் போதுமானது இதனால்தான். பெரிய இரைகொல்லி மீன்கள் அந்தக் கற்களுக்கிடையே நுழைய முடியாது என்பது கூடுதல் லாபம்.

வெள்ளம் கொல்லாததை வண்டல் கொல்லும்

இந்த மீன்களை அழிப்பது எது என்று கேட்டால் பலரும் வெள்ளம் என்பார்கள். அப்படியல்ல. வேகத்துக்கு அவற்றிடம் விடை இருக்கிறது. அடைசலுக்குத்தான் இல்லை.

மேலே காட்டை வெட்டினால், மலையைச் சரித்துச் சாலை போட்டால், வீடமைப்புக்காகச் சரிவை மொட்டையடித்தால், ஒவ்வொரு மழைக்கும் செம்மண் கரைந்து ஓடைக்கு வரும். நுண்ணிய வண்டல் கற்களுக்கு இடையில் புகுந்து இடுக்குகளை நிரப்பிவிடும். நாம் மேலே சொன்ன ஆயிரம் அறைகளும் அடைபட்டுப்போகும். மேலிருந்து பார்த்தால் ஓடை ஓடிக்கொண்டுதான் இருக்கும். மழை நின்றதும் தண்ணீரும் தெளியும். படம் எடுத்துப் போட்டால் அழகாகக்கூட இருக்கும். ஆனால் அடியில் ஒதுங்க இடமில்லை, குடம்பிகள் ஒட்ட வெறும் கல் இல்லை, முட்டைக்குக் காற்றோட்டம் இல்லை. கேமரன் மலைக்குப் போகிறவர்கள் ரிங்லெட் நீர்த்தேக்கத்தைப் பார்த்திருப்பார்கள். தோட்டங்களுக்காகத் திறந்துவிட்ட சரிவுகளிலிருந்து இறங்கிய மண் ஓர் அணையையே எப்படி மேடாக்க முடியும் என்பது அங்கே கண்கூடு. ஓடை எம்மாத்திரம்?

அணைகள் இன்னொரு வகை. கோலாலம்பூருக்குக் குடிநீர் வேண்டும், வெள்ளத்தைத் தடுக்கவும் வேண்டும். அதில் தகராறு இல்லை. கிள்ளான் கேட்ஸ் அணை 1958இலும் பத்து அணை 1987இலும் அந்தத் தேவைகளுக்காகவே வந்தன. தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடி எடுப்பவர்கள் நீராடும் அதே சுங்கை பத்துவின் மேல்பகுதியில்தான் இரண்டாவது அணை இருக்கிறது. அணை கட்டிய இடத்தில் ஓடை ஏரியாகிவிடும். ஏரியில் வாழ நம் மீனுக்குத் தெரியாது. மேலே பிழைத்திருக்கும் கூட்டமும் கீழே பிழைத்திருக்கும் கூட்டமும் ஒன்றையொன்று சந்திக்க வழியில்லாமல் பிரிந்துபோகும்.

மலாயாப் பல்கலைக்கழகம் உலு கோம்பாக்கில் 1965இல் கள ஆய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கியது. ஜான் பிஷப் கோம்பாக் ஆற்றின் நீரையும் உயிர்களையும் மலையிலிருந்து நகர் வரை விரிவாக ஆராய்ந்து 1973இல் நூலாக வெளியிட்டார். நகரை ஒட்டிய ஒரு வெப்பமண்டலச் சிற்றாற்றை அத்தனை நுணுக்கமாகப் படித்தவர்கள் அந்தக் காலத்தில் அரிது. 2010களில் தொடங்கிய நதி மீட்புத் திட்டம் மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளானும் கோம்பாக்கும் கூடுமிடத்துக்கு விளக்கும் நடைபாதையும் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் ஆற்றின் உயிர் இருக்கும் இடம் அங்கே அல்ல, மேலே. கரையில் போட்ட விளக்கு வண்டலைத் தடுக்காது. தலைக்காட்டில் விட்டுவைத்த மரம் தடுக்கும்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு

மீன்தொட்டிக் கடைகளில் எப்போதாவது இவை தலைகாட்டும். வாங்காதீர்கள் என்றே சொல்வேன். நம் வீட்டுத் தொட்டியின் வெதுவெதுப்பில், அசையாத நீரில், மாவுத் தீனியைத் தின்று இவை நெடுநாள் இருப்பதில்லை. விசைப்பம்பு வைத்து ஓட்டத்தை உண்டாக்கி, நீரைக் குளிரவைத்து, உயிருள்ள இரை போட்டு வளர்ப்பவர்கள் சிலர் உண்டு; அது தனிக் கலை, கையில் பணமும் வேண்டும்.

ஓடையிலேயே பார்ப்பது சுலபம். மழையில்லாத நாளில், முழங்காலுக்குக் கீழே ஆழமுள்ள, சலசலத்து ஓடும் சரளைப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஆழமான மடுவில் தேடிப் பயனில்லை. கல்லின் கீழ்நீர்ப் பக்கம் வலையை ஊன்றிவிட்டு, கல்லை மெல்லத் தூக்குங்கள். ஓடிவரும் நீரே மீனை வலைக்குள் சேர்க்கும். பார்த்துவிட்டு உடனே விட்டுவிடுங்கள். தூக்கிய கல்லை எடுத்த இடத்தில், முன்பு அடியில் இருந்த பக்கமே கீழே இருக்கும்படி வையுங்கள். அடிப்பக்கத்துக் குடம்பிகளை வெயிலுக்குக் காட்டினால் மீனின் இரவுச் சாப்பாட்டைப் பறித்தது போலாகும். காப்புக்காடுகளில் அனுமதியில்லாமல் வலை போடக் கூடாது. கோலா குபு பாரு அருகே சுங்கை சிலிங் போன்ற மீன் சரணாலயங்களில் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்காதீர்கள், எலிச் சிறுநீர் நோய் இந்த ஓடைகளில் வெறும் வதந்தி அல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கெபாலா ஆயர் எனும் திடீர் வெள்ளம். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். திடீரென்று நீர் சுவராக இறங்கிவரும். தெளிந்த நீர் சட்டென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்துவந்தாலோ, இரைச்சல் கூடினாலோ காரணம் ஆராயாதீர்கள். பிள்ளைகளை முதலில் கரையேற்றிவிட்டு நீங்களும் மேட்டுக்குப் போய்விடுங்கள். வலை போனால் போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம்.